ராத்தா வீட்டு வண்டி

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

செயின் மறுபடியும் கரகரவென்று சத்தம் போடுகிறது. போன வாரம்தான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எண்ணெய் விட்டேன். இந்த உப்பளத்து ரோட்டில் ஒரு வாரம் ஓடினால் இரும்புக்கு ஒரு வயது கூடிவிடும் போலிருக்கிறது. எனக்கும்தான்.

இது உன் வண்டி இல்லை ஸ்வீட்லின், வாடகை வண்டி. மறந்துவிடாதே. காயல்பட்டினம் ரைஹானத் ராத்தாவின் – அங்கே அக்காவை ராத்தா என்பார்கள் – வீட்டுக்காரர் முகம்மது மைதீன், சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கிறவர், போன தடவை ஊருக்கு வந்தபோது ஆசை ஆசையாய் வாங்கிய மோட்டார் சைக்கிள். அவர் விமானம் ஏறியதும் இது ஷெட்டில் ஏறிவிட்டது. சும்மா நின்றே பேட்டரி செத்து, டயர் தரையோடு ஒட்டிப்போன பிறகுதான் மாத வாடகைக்கு விட மனது வந்தது மனிதருக்கு. ராத்தாவின் தோள்பட்டை வலிக்கு நான் வைத்தியம் பார்த்த பழக்கம். "ஓடுனாத்தான் மா வண்டிக்கு உசுரு. நீங்க கொண்டு போங்க" என்று ராத்தாதான் சாவியைக் கையில் வைத்தார்.

நான் வேலை பார்த்த திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவையே மூடிவிட்ட பிறகு, ஆத்தூரில் ஒரு அறை எடுத்து வீடு வீடாகப் போகிறேன். புன்னக்காயலுக்குப் பஸ் உண்டு. எப்போது வரும் என்று அந்தப் பஸ்ஸுக்கே தெரியாது. இந்த வண்டி கிடைத்த பிறகுதான் அங்கே என் வைத்தியத்தில் இருக்கிற இஞ்ஞாசியம்மாளை வாரத்துக்கு மூன்று தடவை பார்க்க முடிகிறது. ஆண்டவரே, இதற்கு ஸ்தோத்திரம். அந்தச் செயினையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 6 – புதன்

இஞ்ஞாசியம்மாளுக்கு ஈஸ்டர் கழிந்த வாரம் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். மீன் கூடையோடு ஏரல் சந்தை வரைக்கும் போய், நாலு பேரை ஏசிவிட்டு வந்த அம்மா. இப்போது கட்டிலில். நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அது சர்வேசுரன் செயல் என்கிறார் வீட்டுக்காரர் பர்னபாஸ். பாவம், ஏச்சு முழுவதும் இப்போது அவருக்குத்தான்.

முதல் ஆறு மாதத்தில் வருகிற பலம்தான் வேகமாக வரும், அதற்குப் பிறகு பையத்தான் வரும் என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். அக்டோபர் வரைக்கும் ஓட்டமாய் ஓட வேண்டும்.

"உங்களுக்கு என்னம்மா ஆசை?" என்று இன்று கேட்டேன். மாதா கோயில், கடற்கரை என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, கக்கூசுக்கு நானா போவணும். அது போதும். அந்த மனுசன் என்னத் தாங்கிப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவும்போது நான் கண்ண மூடிக்கிடுதேன்."

வாசலில் நின்ற பர்னபாஸ் அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். நடக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

ஆகஸ்ட் 8 – வெள்ளி

மைதீன் காக்கா – காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள் – வைத்திருக்கிற விசித்திரமான நிபந்தனையை இதுவரை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வண்டியை நிறுத்தி வைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அவர் அங்கே ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கேட்பார். இன்று பதில் வந்தது: "டேப்பட் லேசா சத்தம் குடுக்குது. கணேஷ்ராம்ட்ட காட்டுங்க."

கணேஷ்ராம் ஆத்தூர் மெக்கானிக். கேட்டுவிட்டுச் சிரித்தான். "யக்கா, டேப்பட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க பதிவு பண்ணயில பக்கத்துல தையல் மிசின் ஓடியிருக்கு."

நானும் சிரித்தேன். ராத்திரி யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதருக்கு அரை நிமிடம் வீட்டு ஷெட்டுக்குள் நின்ற மாதிரி இருக்கும் போல.

ஆகஸ்ட் 13 – புதன்

இன்று பர்னபாஸோடு சண்டை. நான் உள்ளே அம்மாவுக்குக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் வெளியே வண்டியைக் கழுவியிருக்கிறார். எதில்? குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணியில்! ஒரு குடம்!

"அந்தத் தண்ணிக்கு எவ்வளவு நேரம் நின்னிய? இப்படிக் கொட்டலாமா?"

"உப்புத் தண்ணியில கழுவுனா அடிப்பக்கம் அரிச்சிரும் டாக்டரம்மா. வள்ளத்து இன்ஜினையே நான் நல்ல தண்ணியிலதான் அலசுவேன்."

நான் டாக்டர் இல்லை என்று நூறு தடவை சொல்லியாயிற்று. இவர் வள்ளத்தில் இன்ஜின் ஓட்டுகிற ஆள். மனைவி விழுந்ததில் இருந்து கடலுக்குப் போவது பாதியாய்க் குறைந்துவிட்டது. எனக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வண்டிக்குச் செய்கிறார். சண்டை போட்டுவிட்டு வந்தாலும் வழியெல்லாம் மனது நிறைந்திருந்தது. மட்கார்டுக்கு அடியில் ஒரு பொட்டு உப்பு இல்லை.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

கிளட்ச் கேபிளுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். டயரில் காற்று சரி. சத்தம் அனுப்பியாயிற்று – தையல்காரர் கடை அடைத்த பிறகு.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

நின்றார்!

கட்டில் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். இடது முட்டி மடங்கவில்லை. பர்னபாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா நின்ற வாக்கிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு, "வே, இந்த அலமாரி மேல எத்தன நாளு தூசி? கட்டில்ல கெடந்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு" என்று ஆரம்பித்துவிட்டார். ஏச்சு வாங்கிக்கொண்டே அந்த மனிதர் அழுகிறார்.

திரும்பும்போது வண்டியின் டேங்கைத் தட்டிக்கொடுத்தேன். நன்றி சொல்ல வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும்.

விழுந்துட்டேன். உயிரோடதான் இருக்கேன்.

புன்னக்காயல் ரோடு நேர் ரோடு, பிரேக்குக்கு வேலையே கிடையாது. சேர்ந்தபூமங்கலம் வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. முன் பிரேக்கைப் பிடிச்சேன். ஒண்ணுமே இல்ல. கைப்பிடி அமுங்குது, வண்டி அதுபாட்டுக்குப் போகுது. பின் பிரேக்கை மிதிச்சதும் பின் சக்கரம் வழுக்கி, வாழைத்தோட்டத்து வாய்க்கால்ல நானும் வண்டியும். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்காரர்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணி வாங்கிக் கொடுத்து, ஆட்டோ பிடித்தும் விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் நல்லா இருக்கணும்.

வலது மணிக்கட்டு சுளுக்கு. மற்றவர் கையை மடக்கி நீட்டுகிறவளுக்கு வந்த கதியைப் பார். ஹெட்லைட் போயிற்று, ஹேண்டில்பார் கோணிவிட்டது, டேங்கில் குழி. மைதீன் காக்காவின் டேங்கில் குழி. என்னன்னு சொல்லுவேன்?

ஆகஸ்ட் 30 – சனி

கணேஷ்ராம் முன் சக்கரத்தைக் கழற்றினான். விரலைக் காட்டினான். விரல் முழுவதும் பிசுபிசுவென்று பச்சை.

"யக்கா, இதப் பாத்தியளா? பிரேக் டிஸ்க்ல கிரீஸ்! எந்த மடப்பய செஞ்ச வேல இது? பிரேக்கே இந்தத் தட்டப் பிடிச்சித்தான நிக்கும். இதுல கிரீஸத் தடவுனா எங்கிட்டுப் பிடிக்கும்?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நேற்றுக் கிளம்பும்போது பர்னபாஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வண்டிக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டிருக்கேன். முன் சக்கரத்துல ஒரு தட்டு வெறும் இரும்பா பளபளன்னு தெரிஞ்சிது. இந்தக் காத்துக்கு ரெண்டே நாள்ல துருப்பிடிச்சிரும்" என்றார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்த்தேனா? இல்லை. அது காலையில் வீட்டில் மட்டும் செய்கிற வேலை என்று வைத்திருந்தேன்.

கடல்காரர் கண்ணுக்கு வெறும் இரும்பு தெரிந்தால் கை சும்மா இருக்குமா? நங்கூரம், சங்கிலி, புரொப்பல்லர், எல்லாவற்றுக்கும் பூசுகிற மாதிரி பூசிவிட்டார். அன்பைக் கொண்டுபோய் அங்கேயா தடவ வேண்டும்!

"யாருன்னு தெரியல" என்று கணேஷ்ராமிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மைதீன் காக்காவிடம் போனில் பேசினேன். "பிரேக்கு நல்லாத்தான் இருந்துது. என் தப்புதான், வேகமா வந்துட்டேன்" என்றேன்.

பொய். உண்மையைச் சொன்னால் அது ராத்தா வழியாகவோ கணேஷ்ராம் வாய் வழியாகவோ பர்னபாஸ் காதுக்குப் போகும். என்னைக் கொல்லப் பார்த்தோமே என்று அந்த மனிதர் உடைந்துபோவார். அவர் உடைந்தால் அந்த வீட்டில் அம்மாவைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

காக்கா, "வண்டிய சரி பண்ணி வீட்ல விட்டுருங்க மா. சாவிய ராத்தாட்ட குடுத்துருங்க" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 4 – வியாழன்

வண்டியை ராத்தா வீட்டு ஷெட்டில் விட்டுவிட்டேன். புது பிரேக் பேட், புது ஹெட்லைட். டேங்கில் குழி மட்டும் அப்படியே. ராத்தா என் கையைப் பார்த்துப் பதறி, இஞ்சிச் சாயா போட்டுக் கொடுத்தார். ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார். "அவங்க சொல்லிட்டாங்க, நான் என்ன மா செய்ய?"

ஒரு குழிக்காக! ஷெட்டில் நிறுத்திப் பூசை பண்ணட்டும். கஞ்சன். மகா கஞ்சன்.

செப்டம்பர் 12 – வெள்ளி

இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் புன்னக்காயல். பஸ் வரவில்லை, வந்த நாளில் திரும்ப வழியில்லை. அம்மாவின் கணுக்கால் மறுபடி இறுகியிருக்கிறது. சுவரில் விரலை ஏற்றுகிற பயிற்சியைச் செய்தீர்களா என்றால், "சுவத்தத் தடவ நான் என்ன பல்லியா? போட்டி அங்கிட்டு" என்கிறார்.

செப்டம்பர் 19 – வெள்ளி

இன்று கட்டில் கம்பியைப் பிடித்தும் நிற்கவில்லை. "உக்காந்தே இருக்கேன். எல்லாம் அவ்வளவுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏசவில்லை. அந்தம்மா ஏசாமல் இருப்பதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அக்டோபர் நெருங்கிவிட்டது.

பர்னபாஸ் ரோடு வரைக்கும் வந்தார். "வண்டி எங்க டாக்டரம்மா? நெதம் பஸ்ஸுக்கு நிக்கிய?" ஒர்க்ஷாப்பில் நிற்கிறது என்றேன். "இத்தன நாளாவா? இன்ஜின் வேலைன்னா எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் போயிப் பாக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. வராத பஸ், இன்றைக்கென்று நேரத்துக்கு வருகிறது!

செப்டம்பர் 22 – திங்கள்

போய்விட்டார். ஆத்தூருக்கு வந்து கணேஷ்ராமிடம் கேட்டே விட்டார்.

கணேஷ்ராம் சாயங்காலம் போன் பண்ணினான். "யக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச அண்ணாச்சின்னு எல்லாக் கதையும் சொன்னேன். எவனோ மடப்பய டிஸ்க்ல கிரீஸத் தடவிட்டான், அக்கா வாய்க்கால்ல விழுந்து கை போச்சி, வண்டியையும் காயல்பட்டினத்து ராத்தா வீட்ல பறிச்சிட்டாங்கன்னு. அந்தாளு அந்த ஸ்டூல்ல உக்காந்தவரு எந்திரிக்க ஒரு மணி நேரம் ஆச்சி. மேலுக்கு முடியாதவரா?"

அடப்பாவி கணேஷ்ராம். நீ நல்லா இருப்பே. உன்னை என்ன செய்ய?

பர்னபாஸ் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 23 – செவ்வாய்

இன்றும் எடுக்கவில்லை. நாளைக்கு நடந்தாவது போய்விடுவேன்.

செப்டம்பர் 24 – புதன்

காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராத்தாவின் போன். "மா, இங்க ஒரு பெரியவரு வந்து வாசல்ல நிக்கிறாரு. கையில பெரிய விளமீனு. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு. கண்ணுல தண்ணியா ஊத்துது."

பதறியடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ராத்தா அவரை உட்கார வைத்து, தம்மாமுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். பர்னபாஸ் போனைச் சாமி படம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான்தான்யா செஞ்சேன். அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட வந்தார். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். வேறென்ன செய்ய, எனக்கும் அழுகைதான் வந்தது. ராத்தாவும் அழுதார். மீனைத் தூக்கிக்கொண்டு பூனை ஓடப் பார்த்ததால் மூவரும் அழுகையை நிறுத்த வேண்டியதாயிற்று.

பிறகு காக்கா என்னோடு பேசினார். இவ்வளவு கோபமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கடல்காரரு கையில இரும்பக் காட்டுனா கிரீஸ் போடத்தான் செய்வாரு. அது தப்பு இல்ல. நீங்க ஏன் மா பொய் சொன்னீங்க? பிரேக்கு நல்லா இருந்தும் தானா விழுறவங்களுக்கு வண்டியக் குடுத்து, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் அல்லாகிட்ட என்ன பதில் சொல்லுவேன்? அந்தப் பயத்துலதான் சாவிய வாங்கச் சொன்னேன். வண்டிக்காக இல்ல மா. வண்டி என்ன வண்டி, தகரம்."

இந்த மனிதரைத்தான் கஞ்சன் என்று எழுதினேன். அதை அடிக்கவில்லை. இருக்கட்டும், படித்துப் படித்துப் புத்தி வரட்டும் எனக்கு. டேங்கில் குழி விழுந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாவி என் கையில்.

செப்டம்பர் 26 – வெள்ளி

கிளம்பும் முன்னால் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் வண்டியை உருட்டிப் பிடித்துப் பார்த்தேன். இனி எங்கே நிறுத்தினாலும், எடுக்கும்போதெல்லாம்.

பர்னபாஸ் வண்டி பக்கமே வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றார். "தொட மாட்டேன் டாக்டரம்மா. இனிமேப்பட்டுத் தொட மாட்டேன்." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

உள்ளே இருந்து குரல்: "அந்த வண்டிய இங்கன வாசப்படிகிட்டக் கொண்டாங்க. அவரு தொடாட்டா நான் துடைக்கேன். நம்ம வீட்டால கெட்ட வண்டி, தூசியோட நிக்கப்படாது."

எனக்குப் பொறி தட்டியது. வண்டியைச் சுவரோரம் பெரிய ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தினேன். இஞ்ஞாசியம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, வலது கையால் சீட்டைப் பிடிக்க வைத்து, இடது கையில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டேன். டேங்கின் மேல் கை போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. சுவரில் ஏற மாட்டேன் என்ற அதே கை.

"இது என்னட்டி குழி?"

"வாய்க்கால்ல விழுந்தது."

"அழுத்தித் துடைச்சாப் போவுமா?"

"போகும், போகும். நல்லா அழுத்துங்க" என்றேன். இந்தப் பொய்க்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அக்டோபர் 1 – புதன்

ஆயுத பூஜை. கணேஷ்ராம் கடை வழியாகப் போனது தப்பாயிற்று. சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டிலில் மாலை. ராத்தாவுக்குப் படம் அனுப்பினேன். "மாப்பிள்ள மாதிரி இருக்கு மா" என்று பதில் வந்தது. புன்னக்காயலில் இஞ்ஞாசியம்மாள் மாலையைப் பார்த்துவிட்டு, "பூவ எடுத்துட்டுத் துடைக்கணுமா, வச்சிட்டுத் துடைக்கணுமா?" என்றார். இன்று மட்கார்டு வரை குனிந்தார்.

அக்டோபர் 15 – புதன்

வண்டியைச் சுற்றி வருகிறார். ஹெட்லைட்டில் ஆரம்பித்து, டேங்க், சீட், பின் விளக்கு என்று பிடித்துப் பிடித்து நகர்கிறார். இடது கால் இழுத்துக்கொண்டுதான் வருகிறது, ஆனால் வருகிறது. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக இடது விரலாலேயே துடைக்கிறார். பஞ்சும் பந்தும் வைத்து நான் கொடுத்த பயிற்சியெல்லாம் எங்கேயோ போயிற்று.

டிஸ்க் தட்டை மட்டும் காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்றேன். "அது எங்களுக்குத் தெரியும்" என்று பர்னபாஸைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் மூவரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கு அப்புறம் அந்த மனிதர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 22 – புதன்

மழை. போகவில்லை. இன்ஜின் ஆயில் மாற்றினேன், ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டேன். ஆறு மாதம் முடிந்துவிட்டது. நான் பயந்த மாதிரி பயமாக இல்லை.

நவம்பர் 7 – வெள்ளி

வழக்கம்போல வண்டி வாசலில். இஞ்ஞாசியம்மாள் துடைத்துக்கொண்டிருந்தார். பர்னபாஸ் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், செயினுக்கு மட்டும். நான் படியில் உட்கார்ந்து தம்மாமுக்கு அனுப்ப போனைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

வாளியை இன்று யாரும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம், குழாயடியில் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

துணி அழுக்காகிவிட்டது போல. அந்தம்மா சீட்டில் இருந்து கையை எடுத்தார். திரும்பினார். பிடிக்க அங்கே ஒன்றும் கிடையாது, வெறும் மணல். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், பர்னபாஸ் என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டார். காலை இழுத்து, நின்று, இழுத்து, வாளி வரைக்கும் போனார். குனிந்து துணியை அலசினார். இரண்டு கையாலும் பிழிந்தார். அப்படியே திரும்பி நடந்து வந்து சீட்டைப் பிடித்தார்.

எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த கையோடு பர்னபாஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானும்தான்.

"என்னத்துக்கு ரெண்டு பேரும் இப்படி வாயப் பொளந்துட்டு இருக்கிய? வே, அந்தத் தண்ணிய மாத்தும். பின் சக்கரம் அப்படியே கெடக்கு."